வீட்டில் வைத்துப் படிப்பிக்க எந்த முறை, எந்தப் புத்தகம்? களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். களுவாஞ்சிகுடியில் இருக்கிறீர்கள். கணவர் கட்டாரில். வீட்டில் நீங்களும் உங்கள் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். மகனுக்கு 11 வயது, ஆறாம் தரம், இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிற்றுவலி. மகளுக்கு 7 வயது, அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. நீங்கள் காலையில் தையல் வேலை எடுத்துச் செய்கிறீர்கள். மகனை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள், ஆனால் ஒருவர் மொன்டிசோரி என்கிறார், இன்னொருவர் அன்ஸ்கூலிங் என்கிறார், மூன்றாமவர் வெளிநாட்டுப் பாடப் பெட்டி ஒன்றை அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். எதை எடுப்பது?

அறுபதாயிரம் வங்கியிலேயே கிடக்கட்டும். ஒரு மாதத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள்.

நான் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். பிறகு கல்லடியில் என் இரண்டு பிள்ளைகளையும் ஐந்து வருடம் வீட்டில் வைத்துப் படிப்பித்தேன். மகள் பிறகு பள்ளிக்கூடம் திரும்பினாள், மகன் பாடசாலை ஊடாக இல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். எடுத்தான், பதினோராம் தர முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை அது. இரண்டுமே சரியாகத்தான் முடிந்தன, ஆனால் முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்கும்.

சாப்பாட்டு மேசையை வகுப்பறை ஆக்கினேன். சுவரில் நேரசூசி. காலை 7.30 க்குத் தேவாரம், 40 நிமிடத்துக்கு ஒரு பாடம், 1.30 க்கு விடுதல். மூன்றாம் கிழமை மகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, இடைவேளைக்கு ஆர் மணி அடிக்கிற?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துச் சமாளிக்க உண்டான ஒழுங்கை இரண்டு பிள்ளைகளின் தலையில் கட்டியிருந்தேன். பக்கத்தில் இருந்து ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது 40 நிமிடப் பாடம் 15 நிமிடத்தில் முடிந்துவிடும், மிச்ச 25 நிமிடமும் நானும் பிள்ளையும் ஆளை ஆள் வெறுத்துக்கொண்டு இருந்தோம்.

இரண்டாவது பிழை, உங்களுக்கு இப்போது சொல்கிறார்களே, அதே மாதிரியான ஒரு பெட்டி. நல்ல தாள், நல்ல படம், நாளுக்கு நாள் என்ன செய்வது என்று எழுதியிருக்கும். பிழை பெட்டியில் இல்லை, அது வேறு நாட்டு வீட்டுக்காகச் செய்தது. கூட்டல் கணக்கில் பனிமனிதன், நீளம் என்றால் அங்குலம், காசு என்றால் டொலரும் சென்ட்டும். 'குவாட்டர்' என்று வந்த இடத்தில் என் மகன் கால் ஏக்கர் காணி என்று நினைத்துக் கணக்குச் செய்தான். அது 25 சென்ட் நாணயம். நான்கு மாதத்தில் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது, இப்போது அதற்குள் கலியாணக் கார்டுகள் இருக்கின்றன.

இந்த இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த ஒரு மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு 80 பக்கக் கொப்பி எடுத்து நாளை எழுதுவது. காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்த நேரத்தில் முகம் தெளிவாக இருக்கிறது, எப்போது எரிச்சல், கேட்காமலே தானாக என்ன செய்கிறார், எதைக் கண்டால் எழும்பி ஓடுகிறார். அதே பக்கத்தில் உங்களைப் பற்றியும் எழுதுங்கள். தையல் மெஷினில் எத்தனை மணி, சமையல் எப்போது முடிகிறது, கட்டார் கோல் எத்தனை மணிக்கு வருகிறது, இரவு எட்டு மணிக்கு உங்களுக்கு இன்னும் பொறுமை மிச்சம் இருக்கிறதா. களைத்துப்போன நாளிலும் உங்களால் கொண்டுபோக முடிகிற முறைதான் உங்கள் முறை. மற்றதெல்லாம் திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை நின்றுவிடும்.

அந்த மாதத்திலேயே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். மகனின் கண்ணையும் காதையும் ஒரு தடவை பரிசோதியுங்கள். இரண்டு வருட வயிற்றுவலிக்கு ஒரு வைத்தியரைக் கண்டிருப்பீர்கள், ஆனால் கரும்பலகை தெரியாமல், எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பி, அதைச் சொல்லத் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகளை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். வகுப்பில் யாரும் அடிக்கிறார்களா, பட்டப்பெயர் வைத்து வதைக்கிறார்களா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். வாசிப்பதில் அவருக்கு உண்மையான இடர்பாடு இருந்தால் பாடசாலையிலும் அது இருக்கும், வீட்டிலும் இருக்கும். எந்தப் பெட்டியும் அதை மாற்றாது, முறையைத் தேர்ந்தெடுக்கும் விதமே அப்போது வேறாகிவிடும்.

சரி, இனிப் பரீட்சை. முறையைப் பற்றி ஆளுக்கு ஆள் கதைக்கிறவர்கள் இதைக் கடைசியில் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்ததை 2016 இல் 16 ஆக உயர்த்தினார்கள். ஆகவே நாளைக்கே பெயரை வெட்டிவிட்டு வீட்டில் இருத்துவது புத்தியில்லை. முதலில் அதிபரோடு பேசுங்கள், பிறகு பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் அறிவியுங்கள். காரணம், என்ன படிப்பிக்கப் போகிறீர்கள், யார் படிப்பிப்பது என்று ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுகைப் பத்திரமும் தேர்ச்சி அறிக்கைகளும் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஒரு வருடத்தில் மகன் மனம் மாறித் திரும்பிப் போக விரும்பினால் அந்தக் கோப்புத்தான் உங்களுக்காகப் பேசும். என் மகளுக்கு அப்படித்தான் நடந்தது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பாடசாலை ஊடாக எடுக்கிற பரீட்சை. மகன் அதைத் தாண்டிவிட்டார், ஆகவே அது மகளின் விஷயம். மகனுக்கு முன்னால் இருப்பது ஓ.எல். அதைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எடுக்கலாம், விண்ணப்பத்தைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நீங்களே ஒன்லைனில் அனுப்ப வேண்டும், அறிவித்தல் வரும்போது பார்த்திருந்து பிடிக்க வேண்டும். ஒன்பது பாடங்கள்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம், மற்ற மூன்றும் விரும்பித் தெரிகிற தொகுதிப் பாடங்களில் இருந்து. அந்த மூன்றில் நடனம், சங்கீதம் போன்றவற்றுக்குச் செய்முறையும் உண்டு, வீட்டில் இருந்து எடுக்கிறவருக்கு அது கொஞ்சம் அலைச்சல். பிறகு, சின்னதாகத் தெரிந்தாலும் கடைசி நேரத்தில் தலையிடியாகிற விஷயம் ஒன்று: அடையாள அட்டை. பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் ஊடாகப் போகும், வீட்டில் இருக்கிறவருக்குக் கிராம சேவகர் ஊடாக. 15 வயது ஆனதும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

இன்னொரு வழி எடெக்செல், கேம்பிரிட்ஜ் என்ற இங்கிலாந்துப் பரீட்சைகள். பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனியாகவே பதியலாம். ஓ.எல். மட்டத்திலான எடெக்செல் சர்வதேச ஜீ.சி.எஸ்.ஈ. இல் விஞ்ஞானத்துக்கும் எழுத்துப் பரீட்சை மட்டும்தான், ஆய்வுகூடம் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாடத்துக்கு ஒரு கட்டணம், அதுவும் பவுணோடு ஏறுகிற கட்டணம், படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். அரச பல்கலைக்கழகத்துக்குப் பொதுவான வழி உள்நாட்டு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) உம் அதன் பெறுபேற்றில் கணிக்கிற இசட் புள்ளியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தமிழில் வாசிக்கவே தயங்குகிற 11 வயதுப் பிள்ளையை ஆங்கிலப் பாடத்திட்டத்துக்குள் தள்ளுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதற்குப் பணம் இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

பரீட்சை எது என்று முடிவானால் பாதிப் புத்தகப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்நாட்டு ஓ.எல். என்றால் அரசாங்கப் பாடநூல்தான் முதுகெலும்பு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 1 முதல் 11 வரை தமிழில் இலவசமாக இறக்கலாம். அதைவிடப் பெரிய புதையல் ஒன்று இருக்கிறது, பெற்றோரில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்ததில்லை: தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள். பாடநூல் பிள்ளைக்குப் பேசும், வழிகாட்டி உங்களுக்குப் பேசும். இந்தப் பாடத்தை எப்படித் தொடங்குவது, என்ன செய்ய வைப்பது, விளங்கிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்று அதில் இருக்கும். அதுவும் இலவசம். முழுவதையும் அச்சடிக்காதீர்கள், கொமினிகேசன்காரர்தான் வாழ்வார். பாடநூலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொந்தத்திலோ இரவல் கேளுங்கள், வழிகாட்டியை போனில் வாசியுங்கள், செய்கிற தாள்களை மட்டும் அச்சடியுங்கள். பாடத்திட்டம் மாறிக்கொண்டிருக்கிற காலம் இது, ஆகவே நூலின் முன்பக்கத்தில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் கிடக்கின்றன.

இனி அந்தப் பெரிய பெயர்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொன்றும் ஒரு மனிதர் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த வழி.

மரியா மொன்டிசோரி இத்தாலிய வைத்தியர். 1907 இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காக முதல் வீட்டைத் திறந்தார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் சென்னை அடையாற்றில் இருந்து பயிற்சி கொடுத்தார். எங்கள் பக்கத்தில் 'மொன்டிசோரி' என்றால் நேர்சரி என்று அர்த்தமாகிவிட்டது, அது வேறு கதை. அவர் சொன்னதன் சாரம், கையால் தொட்டுச் செய்து பிறகு எழுத்துக்குப் போவது. இது உங்கள் மகளுக்கு நல்லது. 11 வயது மகனுக்கும் கணிதத்தில் எங்கே உடைந்ததோ அங்கே நல்லது. அதற்கான மணிப் பெட்டிகள் கடையில் பெரிய விலை. தென்னோலை ஈர்க்கை ஒரே நீளத்தில் வெட்டிப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள், பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. தனி ஈர்க்கு ஒன்று, சின்னக் கட்டு பத்து, பெரிய கட்டு நூறு. 302 இலிருந்து 47 ஐக் கழிக்கச் சொல்லுங்கள், பெரிய கட்டை அவிழ்க்காமல் முடியாது. 'கடன் வாங்கு' என்று சொல்லி நாங்கள் ஏமாற்றுகிற இடம் அப்போது கண்ணுக்குத் தெரியும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை எடுங்கள். குன்றிமணி வடிவாக இருக்கும், ஆனால் நஞ்சு, வீட்டுக்குள் வேண்டாம்.

சார்லட் மேசன் என்பவர் இங்கிலாந்துக்காரி, 1923 இல் காலமானார். அவரிடம் இருந்து நான் எடுத்தது மூன்று. பாடம் குறுகியதாக இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கு 15, 20 நிமிடம். நல்ல கதையை, நல்ல கட்டுரையை ஒரு தடவை வாசித்துவிட்டுப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும், கேள்வி பதில் இல்லை. வெளியில் போய் மரத்தையும் பறவையையும் பார்த்து வந்து கொப்பியில் வரைய வேண்டும். உங்கள் வீட்டுக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம், ஏனென்றால் உங்களிடம் அம்மா இருக்கிறா. அவ கதை சொல்ல, மகன் கேட்க, இரவு தகப்பனுக்கு வீடியோ கோலில் அதே கதையைத் திருப்பிச் சொல்லட்டும். வாசிக்கத் தயங்குகிற பிள்ளைக்குச் சொல்லத் தயக்கம் இருக்காது. சொன்னதை நீங்கள் எழுதிக் கொடுங்கள், மறுநாள் அவர் வாசிக்கிற முதல் பக்கம் அவருடைய சொந்தச் சொல்லாக இருக்கும். என் மகன் வாசிக்கத் தொடங்கியது இப்படித்தான், அம்மம்மா சொன்ன முதலைக் கதையில்.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லை 1970களில் பரப்பியவர் ஜோன் ஹோல்ட் என்ற அமெரிக்கர். பிள்ளையின் ஆர்வத்தின் பின்னால் போவது, பாடத்திட்டம் இல்லாமல். கேட்க இலகுவாக இருக்கும். உண்மையில் பெரியவர்களுக்கு அதிக வேலை இதில்தான், பிள்ளை கேட்ட நேரத்தில் பொருளும் ஆளும் இடமும் கையில் இருக்க வேண்டும். தையல் மெஷினில் இருக்கிற தாய் போனைக் கொடுத்துவிட்டால் அது அன்ஸ்கூலிங் ஆகாது. ஆனால் ஒன்று: பள்ளிக்கூடத்தில் காயப்பட்டு வந்த பிள்ளைக்கு முதல் சில கிழமை இதுதான் மருந்து. படிப்பிக்காதீர்கள். தூங்கட்டும், சைக்கிள் ஓடட்டும், மாமாவோடு தோணியில் போகட்டும். அந்த 80 பக்கக் கொப்பி நிறைவதும் அப்போதுதான்.

மனப்பாடத்தை வைத்துப் போகிற 'கிளாசிக்கல்' முறை ஒன்றும் இருக்கிறது, அதை விலை கொடுத்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, வாய்ப்பாடும் ஆத்திசூடியும் ராகத்தோடு பாடமாக்கிய ஊர்தானே நாங்கள். அந்த ராகம் இன்னும் வேலை செய்யும். வாய்ப்பாட்டைக் கூத்துத் தாளத்தில் சொல்ல வைத்துப் பாருங்கள்.

ஒன்றை முழுதாக எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணிதத்துக்கு ஒழுங்கான பாடநூல், வாசிப்புக்குக் கதை, சுற்றாடலுக்குக் கண், மிச்சத்துக்குப் பிள்ளையின் போக்கு என்று கலந்துதான் நீண்ட நாள் நடத்துகிற வீடுகள் எல்லாம் நடத்துகின்றன. கணிதத்தை மட்டும் கலக்காதீர்கள். கணிதம் படிக்கட்டு மாதிரி, ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குக் கால் எட்டாது. ஒரே நூல் வரிசையில் போங்கள், ஆறாம் தரம் கஷ்டம் என்றால் நாலாம் தரத்துக்கு இறங்குங்கள், அட்டையில் தரம் தெரியாமல் பேப்பர் சுற்றிவிட்டால் அவருக்கும் வெட்கம் இருக்காது.

கலக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் காணொளிகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, தரமும் நல்லது. ஆனால் அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். ஒரு மாதிரி வினாத்தாளில் 'ஐதரசன்' என்று பார்த்து என் மகன் இது என்ன புது வாயு என்று முழித்தான், ஹைட்ரஜனைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய பிள்ளை. ஆகவே விளங்கிக்கொள்ள எங்கிருந்தும் பாருங்கள், குறிப்பு எழுதுவது மட்டும் எங்கள் பாடநூல் சொல்லில். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்று எழுதி வரச் சொல்லுங்கள், அதுவே ஒரு நல்ல மொழிப் பாடம்.

கதைப் புத்தகத்துக்கு ஸ்டோரிவீவர் தளம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கியது, வாசிப்பு மட்டம் பிரித்துத் தமிழில் நிறையக் கதைகள், இலவசமாக இறக்கலாம், அச்சடிக்கலாம். மகன் முதலாம் மட்டக் கதை வாசிப்பதை யாரும் காணத் தேவையில்லை, தங்கச்சிக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லுங்கள், அவருக்கு அது வேலையாகிவிடும். எங்கள் மண்ணைப் பற்றித் தேடுவதற்கு நூலகம் தளம், 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பழைய சஞ்சிகைகளை அவர் புரட்டுவதைப் பார்க்க உங்களுக்கே ஆசையாக இருக்கும். இரண்டையும் மழைக்கு முன் இறக்கி வையுங்கள். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வந்து கரண்டும் சிக்னலும் போகும்போது கையில் தாளில் இருப்பதுதான் பாடம்.

நீங்கள் இருக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. களுவாஞ்சிகுடி மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை, ஊர்ப்பெயரிலேயே திசை இருக்கிறது. இதைவிட நல்ல புவியியல் பெட்டியை யார் விற்கப் போகிறார்கள்? வளவில் ஒரு தடியை நேராக நட்டு மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் முந்தி நடுப்பகலில் நிழல் ஏறக்குறைய மறைந்துவிடும், சூரியன் நேர் உச்சியில் வந்துவிடுகிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை. ஏன் என்று அவரே கேட்பார், கேட்கும்வரை சொல்லாதீர்கள்.

வாவித் தண்ணீரை ஒரே அளவான போத்தலில் ஆவணியில் ஒன்று, தையில் ஒன்று எடுத்து, சட்டியில் வற்றக் காய்ச்சி, மிஞ்சுகிற உப்பை நிறுத்துப் பார்க்கட்டும். மழைவெள்ளம் வந்து கலந்து முகத்துவாரம் திறக்கும்போது வாவி எப்படி மாறுகிறது என்பது விஞ்ஞானம், எந்த மாதம் எந்த மீன் மலிவு என்பது பொருளியல், அதை அம்மாவிடம் கேட்டால் பாடநூலை விட விபரமாகச் சொல்வா. கச்சான் காற்று எந்த நாள் தொடங்கியது, வாடைக்காற்று எந்த நாள் என்று கலண்டரில் குறித்து வரட்டும். நான் சொல்வது வீசுகிற கச்சான், கொறிக்கிற கச்சானில்லை.

விகிதம் படிப்பிக்க வயல். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ, ஏக்கருக்கு இரண்டரைப் புசல் விதைநெல் என்றால் மாமாவின் மூன்றரை ஏக்கருக்கு எத்தனை கிலோ கட்ட வேண்டும்? ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்றால் உங்கள் வளவு ஏக்கரில் எத்தனை பங்கு? காணி உறுதியை எடுத்துக் கொடுங்கள், சும்மா கிடக்கிற தசமமும் பின்னமும் அதற்குள் இருக்கின்றன. உறுதியை மட்டும் கவனமாகத் திருப்பி வாங்கி வையுங்கள்.

நேரம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். 11 வயதுக்கு மேசையில் இருந்து செய்கிற படிப்பு நாளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் போதும், அதுவும் துண்டு துண்டாக. நீங்கள் மெஷினில் இருக்கும் காலை நேரத்தை அவர் தனியாகச் செய்யக்கூடியவற்றுக்கு விடுங்கள்: எழுத்து, வரைதல், கணிதப் பயிற்சி, ஓடியோக் கதை. புதிதாக விளங்கப்படுத்த வேண்டியதைப் பதினொரு மணிக்குப் பிறகோ பின்னேரமோ வையுங்கள், உங்கள் கொப்பி எந்த நேரம் என்று சொல்லும். இரவு எட்டுக்குப் பிறகு கணிதம் வேண்டாம். அது பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் ஆள் தேவை, புத்தகம் மட்டும் காணாது. நல்ல டியூசன் வகுப்பு ஒன்றுக்கு அவரை விடுவதில் தவறில்லை, வீட்டுக் கல்வி என்றால் எல்லாவற்றையும் தாய் தலையில் போட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கூட்டாளிகள் விஷயத்தில் சொந்தக்காரர் உங்களை வறுத்து எடுப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். ஞாயிறு அறநெறி வகுப்பு, பின்னேரம் மைதானம், நூலகம், கோயில் திருவிழாக் காலத்தில் கூத்துப் பழகுகிற இடம், இவற்றில் குறைந்தது இரண்டு ஒழுங்காக நடக்க வேண்டும். கிழமையில் ஐந்து நாளும் பெரியவர்களோடு மட்டுமே இருக்கிற பிள்ளை கிழவன் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடும், என் மகன் ஒரு காலம் அப்படித்தான் பாண் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தான்.

"வீட்டில் படித்து என்ன ஆகும்" என்று கேட்கிற பெரியப்பாமாருக்குச் சொல்ல ஒன்று வேண்டுமென்றால், 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளைச் சொல்லுங்கள். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார், லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தையும் வெளிவாரியாகவே எடுத்தார். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர், பள்ளிக்கூடங்களை நடத்தியவரும்கூட, கல்லடி உப்போடைச் சிவானந்தா வித்தியாலயம் அவர் உண்டாக்கியது. பெரியப்பா கெட்டிக்காரர் என்றால் இதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்.

மகளைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள், அண்ணன் வீட்டில் என்றால் அவளையும் நிறுத்தலாமா என்று. வேண்டாம். அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவள் போகட்டும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கு இரண்டு வழி இருக்கலாம், காலையில் அவளை விட்டுவிட்டு வருகிற அரை மணி நேரத்தில் மகனோடு நடந்து வரவும் முடியும்.

கொப்பியை இன்றைக்கே தொடங்குங்கள். மாதம் முடிய ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கணிதத்தில் அவர் எந்தத் தரத்தில் நிற்கிறார், எங்கிருந்து தொடங்குவது என்பதை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.